கண்டுபிடிப்பதில் கெட்டி, அழிப்பதில் முட்டுக்கட்டை: நகல் நீக்கும் மென்பொருளோடு மூன்று வருடம்

நகல் ஃபைல்களை நீக்க நான் வைத்திருக்கும் மென்பொருளை வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் போன வாரம் கேட்டார். ஒரே வரியில் பதில் சொல்ல வரவில்லை. அதனால்தான் இது.

நகலைக் கண்டுபிடிப்பதில் இதைக் குறை சொல்லவே முடியாது. அளவு ஒத்துப்போகும் ஃபைல்களை முதலில் பிரித்து, அப்புறம் ஹாஷ் மதிப்பை, அதாவது உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் கைரேகை போன்ற எண்ணை, ஒப்பிடுகிறது. வேறு பெயரில், வேறு ஃபோல்டரில் கிடந்த வீடியோவையும் விடாமல் பிடித்திருக்கிறது. நகல் அல்லாததை நகல் என்று ஒரு தடவைகூடக் காட்டியதில்லை.

எரிச்சலெல்லாம் அழிக்கும்போதுதான். உள்ளடக்கத்தைப் பார்த்துத் தேடுகிற மென்பொருள், அழிப்பதற்குப் பெயரைச் சொல்லித்தான் விண்டோஸிடம் கேட்டாக வேண்டும். அந்தப் பெயர் கொஞ்சம் முரண்டு பிடித்தால் “ஃபைல் பெயரில் பிழை” என்று ஒரு பெட்டி வரும். மிச்சமுள்ள ஃபைல்கள் அத்தனையும் அப்படியே நிற்கும். எந்த ஃபைல், என்ன பிழை என்று ஒரு வார்த்தை கிடையாது.

அடிக்கடி வருவது பாதையின் நீளம். பேக்கப்புக்குள் பழைய பேக்கப், அதற்குள் இன்னொன்று என்று போனால் விண்டோஸின் வழக்கமான 260 எழுத்து எல்லையைத் தாண்டிவிடும். டிரைவ், ஃபோல்டர் பெயர்கள் எல்லாம் அந்தக் கணக்கில் சேரும். 2016இல் வந்த விண்டோஸ் 10 புதுப்பிப்பிலிருந்து இந்த எல்லையைத் தளர்த்த வழி இருக்கிறது. ஆனால் மென்பொருளும் அதற்கேற்ப எழுதப்பட்டிருக்க வேண்டுமே! விண்டோஸின் அமைப்புகள் பதிந்திருக்கும் ரெஜிஸ்ட்ரியில் அதை மாற்றிப் பார்த்துவிட்டேன், பலனில்லை. மேல் ஃபோல்டர்களின் பெயரை ஓரெழுத்தாகச் சுருக்கியதும் சரியானது.

அது கூடப் பரவாயில்லை. என் பொறுமையைத் தின்றது தமிழ்ப் பெயர்கள்தான். ஒரே ஃபோல்டரில் “போட்டோ” என்று இரண்டு ஃபைல்கள், நீட்டிப்பும் ஒன்றே. இரண்டும் நகல் என்று சரியாகக் காட்டியது. அழிக்கச் சொன்னால் “ஃபைல் இல்லை” என்றது. கண்முன்னால் இருக்கிறதே! இரண்டு பெயர்களையும் நகலெடுத்து ஒட்டி யூனிகோடு குறிகளை, அதாவது எழுத்தையும் துணையெழுத்தையும் புள்ளியையும் கணினி தனித்தனியாகச் சேமிக்கும் குறிகளை, எண்ணினேன். ஒன்றில் 6, இன்னொன்றில் 8. ‘ோ’வை ஒரே குறியாகவும் எழுதலாம், இரட்டைக்கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகவும் எழுதலாம். ‘ொ’, ‘ௌ’ இரண்டுக்கும் இதே கதை. பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் விண்டோஸுக்கு அவை வேறு வேறு பெயர்கள். மேக்கில் உருவாக்கிய ஜிப்பிலிருந்து வந்தது அந்த 8 குறிப் பெயர். மென்பொருள் தன் பட்டியலில் இரண்டையும் ஒரே வடிவத்துக்கு மாற்றி வைத்துக்கொள்கிறது என்றுதான் நினைக்கிறேன். அப்புறம் எப்படிக் கிடைக்கும்? எக்ஸ்ப்ளோரரில் பெயரை முழுக்க அழித்து “படம் 2” என்று மாற்றி, மறுபடி ஸ்கேன் செய்தேன். போய்விட்டது.

மேக்கும் விண்டோஸும் பெயர்களை இப்படி வெவ்வேறு விதமாகக் கையாள்வது இந்த மென்பொருளை விற்பவர்களின் குற்றமில்லை, ஒத்துக்கொள்கிறேன். இன்னொரு இயங்குதளமான லினக்ஸின் டிஸ்க்கிலும் இப்படி ஒரு சிக்கல் உண்டு. ஒரு பெயருக்கு அங்கே 255 பைட்தான் இடம். தமிழில் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட், மெய்யெழுத்தின் புள்ளிக்கும் தனியாக 3. ஆகவே 85 குறிகளோடு இடம் முடிந்துவிடும். சற்று நீளமான பெயரின் கடைசியில் “நகல் 2” என்று சேர்ந்தாலே தாங்காது.

ஆனால் இதையெல்லாம் விற்பவர்களுக்கு விளக்கி எழுதியபோது, ஆங்கிலத்தில் பெயர் வைக்கச் சொல்லிப் பதில் அனுப்பினார்கள். அன்றைக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. என் ஃபைலுக்கு என் மொழியில் பெயர் வைப்பது பிழையா? காசு வாங்கிக்கொண்டு விற்பவர்கள் எந்தப் பெயர், ஏன் என்று ஒரு வரி காட்டியிருந்தால் எனக்கு எத்தனை இரவுகள் மிச்சமாகியிருக்கும்!

நண்பரிடம் வாங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நேற்று அதே மென்பொருளில்தான் 30 ஜிபி காலி செய்தேன். இதைவிடத் துல்லியமாகத் தேடும் ஒன்று எனக்கு இன்னும் கிடைக்கவில்லை.