டிரையர் நல்லதுதான், எரர் கோடுதான் ஆளைச் சுற்றவிடுகிறது

துணி காய்வதில் குறையில்லை. கனமான துண்டுகூட மெத்தென்று வரும். தொல்லை எல்லாம் டிஸ்ப்ளேயில்தான். பாதியில் நின்றுகொண்டு வெப்ப சென்சார் கோளாறு என்கிறது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, சென்சாரைக் கழற்றி மல்டிமீட்டர் வைத்தேன். அறை வெப்பத்தில் மின்தடை கிட்டத்தட்ட 10 கிலோ ஓம். விரல்களுக்குள் பொத்திப் பிடித்ததும் அளவு மெல்ல இறங்கியது. சூடு பட்டால் மின்தடை இறங்குவதுதான் இந்த வகை சென்சாரின் இயல்பு. சென்சார் பாவம், அதன்மேல் தப்பே இல்லை.

அப்புறம் பின்பக்கக் குழாயைக் கழற்றினால், வளைவில் பஞ்சு ஈரத்தோடு கட்டிதட்டி அடைத்திருக்கிறது. காற்று வெளியேறாவிட்டால் உள்ளே சூடு ஏறத்தானே செய்யும்? ஃபில்டரைச் சுத்தம் செய்தால் போதும் என்கிற கையேட்டை என்ன சொல்வது! நசுங்கும் ஃபாயில் குழாயைத் தூக்கிவிட்டு வழவழப்பான உலோகக் குழாய் போட்டேன். கோளாறு திரும்பவில்லை. பின்மூடிக்கு இத்தனை ஸ்க்ரூ வைத்ததற்காக ஒரு நட்சத்திரம் குறைக்கிறேன்.