மாரியிலும் வானம்: கையா, ஸ்லோன் தரவுகளோடு சில ஆண்டுகள்

மட்டக்களப்பில் வானம் பார்க்கும் ஆசை உள்ளவர்களுக்குத் தீராத குறை ஒன்று உண்டு. கார்த்திகைக் கூட்டமும் ஓரியனும் இரவு முழுக்க மேலே நிற்கும் மாதங்கள்தான் எங்களுக்கு மாரி. ஐப்பசியில் தொடங்கினால் தை வரை மேகம் விலகுவதே பெரிய காரியம். கார்த்திகை விளக்கீட்டன்று முற்றத்து விளக்கை அணையாமல் காப்பதே பாடாக இருக்கும்போது, அந்த நாளுக்குப் பெயர் கொடுத்த வெள்ளிகளை (விண்மீன்களை) எங்கே பார்ப்பது?

உயர்தர மாணவர்களுக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறேன். ஆர்வமுள்ள பிள்ளைகள் சிலரைச் சேர்த்துக்கொண்டு, வானளவைகள் பொதுவில் விட்டிருக்கும் தரவுகளைச் சில ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கத்து ஆசிரியர்கள் சிலரும் இதைப் பற்றிக் கேட்டதால் என் அனுபவத்தை எழுதுகிறேன்.

முதலில் கையா. ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் 2013 டிசம்பரில் ஏவிய விண்கலம் இது. பூமியிலிருந்து சுமார் 15 லட்சம் கிலோமீற்றர் தள்ளி நின்று, 2025 ஜனவரி வரை வானத்தைத் திரும்பத் திரும்ப அளந்தது. 2022 ஜூனில் வந்த 3ஆம் வெளியீட்டில் ஏறத்தாழ 180 கோடிப் பொருள்கள் இருக்கின்றன. காசு கட்டத் தேவையில்லை, பல்கலைக்கழக முகவரியும் கேட்பதில்லை.

இத்தனை கோடியையும் யாரும் இறக்குவதில்லை. வேண்டியதை மட்டும் இணையத்தில் கேட்டு வாங்கலாம். நாங்கள் முதலில் செய்யும் பயிற்சி கார்த்திகைக் கூட்டம். வானத்தில் அதன் இடம் வலஏற்றம் 56.75 பாகை, நடுவரை விலக்கம் 24.12 பாகை (பூமியின் நெட்டாங்கு, அகலாங்கு போல), அதைச் சுற்றி 2 பாகை ஆரை. இடமாறு, அதாவது பூமி சூரியனைச் சுற்றும்போது வெள்ளி இடம்பெயர்வதாகத் தெரியும் சிறு கோணம், 6இலிருந்து 9 மில்லி ஆர்க்செக்கன் (பாகையின் 36 லட்சத்தில் ஒரு பங்கு) வரை உள்ள வெள்ளிகள் மட்டும். இடமாறு, அதன் வழு (அளவீட்டில் வரக்கூடிய பிழை), இரண்டு திசையிலும் சொந்த இயக்கம் (வெள்ளி வானத்தில் ஆண்டுக்கு நகரும் அளவு), பிரகாசம், நிறம் என்று சில நிரல்களைக் கேட்டால் வரும் கோப்பு ஒரு புகைப்படத்தை விடச் சிறியது.

அதை டொப்காட்டில் திறக்கிறோம். பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் எழுதப்பட்ட இலவச மென்பொருள், 4 ஜிபி நினைவகம் உள்ள பழைய மடிக்கணினியிலும் நன்றாக ஓடுகிறது. சொந்த இயக்கத்தின் இரண்டு நிரல்களையும் எடுத்து வரைபு போட்டால் திரை முழுக்கப் புள்ளி சிதறிக் கிடக்கும். அதற்குள் ஓரிடத்தில் மட்டும், ஓர் அச்சில் ஆண்டுக்கு 20 மில்லி ஆர்க்செக்கன், மற்றதில் மறை 45 (−45) என்ற பெறுமானத்துக்குப் பக்கத்தில், புள்ளிகள் நெருங்கி ஒரு முடிச்சாக நிற்கும். ஒரே மேகத்தில் பிறந்து ஒரே திசையில் போய்க்கொண்டிருக்கும் வெள்ளிகள் அவை. ஒரு மாணவி திரையைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "சேர், மறுகா மத்த வெள்ளியெல்லாம் ஆருட?" நல்ல கேள்வி. "அதுகள் தன்ட பாட்டில போற வெள்ளி புள்ள. நாம பாக்கிற பக்கத்தில நிக்கிது, அவ்வளவுதான்" என்றேன்.

அந்த முடிச்சைச் சுட்டியால் வளைத்துத் தனிக் குழுவாக்கி, நிறத்துக்கு எதிராகப் பிரகாசத்தை வரைந்தால், இடப்பக்க மேல் மூலையிலிருந்து வலப்பக்கக் கீழ் மூலைக்கு ஒரு கோடு இறங்கும். மேலே நீல வெள்ளிகள், கீழே மங்கிய சிவப்பு வெள்ளிகள். பாடப்புத்தகத்தில் அச்சாகியிருக்கும் அதே வரைபுதான், ஆனால் இதைப் பிள்ளைகளே உண்டாக்கியிருக்கிறார்கள். இடமாற்றின் சராசரி 7.4 அளவில் வரும். 1000ஐ அதால் பிரித்தால் 135 பார்செக், சுமார் 440 ஒளியாண்டு. இந்தத் தூரத்துக்காக வானியலாளர்கள் பல ஆண்டுகள் வாதாடினார்கள். கையாவுக்கு முந்திய ஐரோப்பிய விண்கலமான ஹிப்பார்கோஸின் 1997இல் வெளிவந்த பட்டியல் 120 பார்செக் அளவில் சொன்னது, மற்ற முறைகள் அதை ஒத்துக்கொள்ளவில்லை. கையாவின் அளவு அந்த மற்ற முறைகளின் பக்கம்தான் நின்றது. அந்த வழக்கின் கடைசிச் சாட்சியை மட்டக்களப்பில் ஒரு வீட்டு மேசையிலேயே விசாரிக்கலாம் என்பது எனக்கு இன்னும் பெரிய விசயமாகத்தான் இருக்கிறது.

நீண்ட நாள் பாவித்த பிறகு நான் அழுத்திச் சொல்வது வழு நிரலைப் பற்றித்தான். புதிதாக வருகிறவர்கள் இடமாற்றை எடுத்து நேரே தூரம் கணித்துவிடுவார்கள். சில வெள்ளிகளுக்கு அந்தப் பெறுமானம் மறையாகக் கிடக்கும். தரவு பழுது என்று பிள்ளைகள் நினைப்பதுண்டு. அப்படியில்லை. தூரத்து வெள்ளியின் இடமாறு அளவீட்டு வழுவை விடச் சிறியதாகும்போது, விடை பூச்சியத்துக்கு இந்தப் பக்கமும் விழும் அந்தப் பக்கமும் விழும். பிரகாசமான வெள்ளிகளில் வழு 0.02 மில்லி ஆர்க்செக்கன் அளவில்தான், மங்கியவற்றில் 0.5, மிக மங்கியவற்றில் 1.3 வரை போகும். பக்கத்துச் சிறு கலக்ஸியான பெரிய மகெல்லன் மேகம் கிட்டத்தட்ட 50 ஆயிரம் பார்செக் தூரத்தில் இருக்கிறது. அங்கே இடமாறே 0.02தான். தனி வெள்ளி ஒன்றை வைத்து அந்தத் தூரத்தை எடுக்கவே முடியாது. அதனால் இடமாறு அதன் வழுவைப் போல் 10 மடங்காவது இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை எழுதிய பிறகே எங்கள் குழுவில் தூரம் கணிப்போம். பள்ளி ஆய்வுகூடத்தில் நுணுக்குமானியைக் கொடுத்து வழுவைப் படிப்பித்தால் கொட்டாவி விடும் அதே பிள்ளைகள் இங்கே அதற்காகச் சண்டை பிடிக்கிறார்கள்.

கையாவிடம் எனக்கு உள்ள ஒரே ஏமாற்றம், மிகப் பிரகாசமான வெள்ளிகள். எங்கள் பெரியவர்கள் பெயர் சொல்லிக் காட்டும் திருவாதிரை, ரோகிணி, கேட்டை போன்றவற்றின் ஒளி அந்தக் கருவிக்கு அளவுக்கு மிஞ்சியது. அவற்றுக்கு இன்னும் பழைய ஹிப்பார்கோஸையே நம்ப வேண்டியிருக்கிறது.

கலக்ஸிகளுக்கு ஸ்லோன். அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் உள்ள 2.5 மீற்றர் தொலைநோக்கியால் 2000ஆம் ஆண்டு தொடங்கிய அளவை. ஐந்து வடிகட்டிகளில் படம் எடுத்தார்கள். நிறமாலை எடுத்த விதம்தான் பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்த கதை: வானத்தில் ஒவ்வொரு கலக்ஸியும் இருக்கும் இடத்துக்கு நேரே அலுமினியத் தட்டில் துளை போட்டு, அந்தத் துளைகளில் ஒளியிழைகளை மனிதர்கள் கையால் செருகினார்கள். ஆரம்பத்தில் தட்டுக்கு 640 இழை, பிறகு 1000. இப்போது ரோபோக்கள் செய்கின்றன.

நாங்கள் செய்வது சின்னக் கேள்விதான். செம்பெயர்ச்சி (விலகிப் போகும் கலக்ஸியின் ஒளி சிவப்புப் பக்கம் நகரும் அளவு) 0.05க்கும் 0.08க்கும் இடையில் உள்ள கலக்ஸிகளை எடுத்து, ஊதாக் கடந்த வடிகட்டிக்கும் சிவப்பு வடிகட்டிக்கும் உள்ள பிரகாச வித்தியாசத்தை வலையுருவாக வரைகிறோம். ஒரு மேடு வரும் என்றுதான் எல்லோரும் எதிர்பார்ப்பார்கள். வருவது இரண்டு. புது வெள்ளிகளைப் பெற்றுக்கொண்டிருக்கும் நீலக் கலக்ஸிகள் ஒரு பக்கம், பெறுவதை நிறுத்திவிட்ட சிவப்புக் கலக்ஸிகள் மறுபக்கம், இடையில் பள்ளம். அந்தப் பள்ளத்தில் ஏன் இவ்வளவு குறைவு என்று கேட்கத் தொடங்கினால் அந்தப் பின்னேரம் அதோடு சரி.

அருகில் இருக்கும் பெரிய சுருள் கலக்ஸிகளில் மட்டும் கவனம் வேண்டும். ஸ்லோனின் மென்பொருள் சிலவேளை ஒரே கலக்ஸியைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் தனிக் கலக்ஸியாகப் பதிந்திருக்கும். சந்தேகம் வந்தால் படத்தைத் திறந்து கண்ணால் பார்த்துவிடுங்கள்.

இன்னொரு குறை, எங்கள் தென்வானம் ஸ்லோன் படங்களில் பெரும்பாலும் இல்லை. சித்திரை, வைகாசியில் கல்லடிக் கடற்கரையில் நின்றால் தெற்கே ஒமேகா சென்டோரி என்ற வெள்ளிக் கூட்டம் 35 பாகை உயரம் வரை ஏறும், நல்ல இருட்டில் வெறுங்கண்ணுக்கே தெரியும். அதற்குக் கையாவிடம்தான் திரும்ப வேண்டும். அந்தக் கூட்டத்தின் நெரிசலான நடுப்பகுதிக்கென்றே 2023 ஒக்டோபரில் தனியாக ஒரு வெளியீடு விட்டு, 5 லட்சத்து 26 ஆயிரத்துக்கும் மேற்பட்ட புதிய வெள்ளிகளைச் சேர்த்தார்கள். படமாகப் பார்க்க இணையத்தில் வானத்தைக் காட்டும் அலாடின் லைட் போதும், கைத்தொலைபேசியிலேயே ஓடும். அட்டவணை வேலைக்கு மட்டும் கணினி தேவை.

இணையம், மின்சாரம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் போன காலத்தில் பழகியதுதான்: கரண்ட் இருக்கும்போது தரவை இறக்கிப் பென் டிரைவில் வைத்துவிடுவோம். தரவைக் கேட்க எழுதிய கேள்வியையும் ஒரு குறிப்புக் கோப்பில் சேமியுங்கள், கையாவின் தளத்தில் பயனர் கணக்கு இல்லாமல் கேட்டால் விடை சில நாளில் அழிந்துவிடும்.

சிலியில் உள்ள புதிய வானளவைத் தொலைநோக்கியான ரூபின் ஆய்வகம் 2025 ஜூனில் முதற் படங்களை வெளியிட்டது. அதன் பெரிய வெளியீடுகள் பொதுவுக்கு வர இரண்டு ஆண்டு காத்திருக்க வேண்டும் என்பதால் எங்கள் குழுவுக்கு இப்போதைக்குக் கையாவே போதும்.

கார்த்திகையை முடித்தவர்கள் அடுத்து ரோகிணியைச் சுற்றியுள்ள ஹையடிஸ் கூட்டத்துக்குப் போகலாம். அது 47 பார்செக்தான், கிட்ட இருப்பதால் வானத்தில் பரந்து கிடக்கிறது. ஆரையை 10 பாகையாக்குங்கள், இடமாற்றை 18இலிருந்து 25 வரை வையுங்கள். ரோகிணி அந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததல்ல, அதன் தூரத்தில் பாதிக்கும் குறைவான தூரத்திலேயே முன்னால் நிற்கிறது. கையாவில் ரோகிணி இல்லாததால், ஹிப்பார்கோஸ் பட்டியலைப் பார்த்து அதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்க விட்டுவிடுங்கள்.