தத்துப் பிள்ளைகளுக்கான வாழ்க்கைக் கதை ஆல்பம்: பிள்ளைக்கா, நமக்கா?

தத்துப் பிள்ளை தன் கதையை எழுதிப் படம் ஒட்டிவைக்கும் இந்த ஆல்பத்தை, ஒரே பாலினப் பெற்றோருக்கென்றே தயாரித்தது என்று விளம்பரத்தில் போட்டிருந்ததால்தான் வாங்கினோம். மற்ற ஆல்பங்களில் 'அம்மா பெயர்' என்று அச்சடித்த இடத்தில் ஏதாவது ஒட்டி மறைக்க வேண்டியிருக்கும், இதில் அந்த வேலை இல்லை. வெறும் வட்டங்கள், கீழே ஒரு கோடு, பிள்ளை எப்படிக் கூப்பிடுகிறதோ அப்படியே எழுதிக்கொள்ளலாம். எங்கள் மகள் ஒன்றில் அப்பா, இன்னொன்றில் டாடி என்று எழுதிவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிட்டாள். அவளுக்கு அது ஒரு விஷயமே இல்லை.

சிக்கல் திருப்பிய பக்கத்தில். 'நான் பிறந்த கதை'க்கு அரைப் பக்கம்தான். அதிலும் 'நீ எங்கள் இதயத்தில் பிறந்தாய்' என்று முதல் வரியை அவர்களே எழுதிவைத்துவிட்டார்கள். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் ஏழு வயதுப் பிள்ளைக்குத் தான் ஒரு பெண்ணின் வயிற்றில் பிறந்தது தெரியாதா என்ன? என்னைப் பெற்றவங்களுக்கும் சுருட்டை முடியா, ஏன் என்னை வளர்க்க முடியலை, இப்ப எங்கே இருக்காங்க என்று கேட்கிறாள். அம்மாவும் அப்பாவுமாகத் தத்தெடுத்த வீட்டிலும் இதே கேள்விகள்தான் வரும். அவற்றை எழுத இடமே இல்லை. வானவில் படத்துக்கு மட்டும் முழுசாக இரண்டு பக்கம்.

கூட வரும் பெற்றோர் கையேடும் அப்படித்தான். இரண்டு அப்பாக்கள் வளர்த்தால் பிள்ளை நன்றாக இருக்குமா என்பதற்கே பாதிப் புத்தகம். சரி, பாட்டி தாத்தாவிடம் காட்ட உதவும். ஆனால் சூசன் கோலம்பாக் குழுவினர் பிரிட்டனில் தத்துக் குடும்பங்களை ஒப்பிட்டு 2014-இல் வெளியிட்ட ஆய்விலேயே, பிள்ளைகளின் முரட்டுத்தனம், அடங்காமை போன்றவற்றோடு அதிகம் தொடர்புடையதாகத் தெரிந்தது பெற்றோரின் மன அழுத்தம்தான், அவர்கள் ஆணா பெண்ணா என்பது அல்ல. ரேச்சல் ஃபார் என்ற ஆய்வாளர் அமெரிக்கத் தத்துக் குடும்பங்களைப் பல வருடம் தொடர்ந்து பார்த்து 2017-இல் எழுதியதும் ஏறக்குறைய இதையேதான் சொல்கிறது. அப்படியென்றால் ராத்திரி தூங்காத பிள்ளையோடு மல்லுக்கட்டி ஓய்ந்துபோன பெற்றோருக்கு இரண்டு பக்கமாவது ஒதுக்கியிருக்க வேண்டாமா? ஒரு வரி இல்லை.

உருப்படியான ஒன்று, கிழித்து ஆசிரியரிடம் கொடுக்கும் தாள். வகுப்பில் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று பிள்ளையே டிக் செய்கிறது. மகள் 'இரண்டு அப்பா' என்பதை டிக் செய்தாள், 'தத்து' என்பதை விட்டுவிட்டாள். நாங்கள் நேர்மாறாக நினைத்திருந்தோம்!

வாங்குவதானால் வளையம் போட்ட பதிப்பை வாங்குங்கள், தைத்தது வேண்டாம். அரைப் பக்கக் குறையை வெற்றுத் தாள்கள் சேர்த்துச் சமாளித்துவிடலாம், அப்புறம் பிள்ளை வளர்ந்து கூடுதலாகக் கேட்கும்போதும் சேர்த்துக்கொள்ளலாம். இன்னொன்று, கூட வரும் பசை மகா மட்டம், காய்ந்ததும் படத்தைச் சுருட்டிவிடுகிறது. பெற்ற தாயின் போட்டோ ஒன்றே ஒன்றுதான் கையில் இருக்கிறதென்றால் அதை ஒட்டாதீர்கள், நகல் எடுத்து ஒட்டுங்கள்.