ரிக்‌ஷாவுக்கு கியர், டிஸ்க் பிரேக் மாட்டக் கொடுக்கறீங்களா? 16,500 போச்சு, படிச்சிட்டுப் போங்க

ஆளேத்தற மூணு சக்கர சைக்கிளுக்கு கியரும் பின் பிரேக்கும் மாட்ட 16,500 ரூபாய் கொடுத்து ஏமாந்தாச்சு. நேத்து சாயங்காலம்தான் எல்லாத்தையும் பிரிச்சுப் போட்டுப் பார்த்தேன். புதுச்சேரியில சைக்கிளை ‘மாடிஃபை’ பண்ணித் தர்ற ஒரு பட்டறை. பேர் சொல்லல.

நம்ப வெச்சது ஒரே ஒரு கேள்வி. “காலி வண்டி எவ்வளவு எடை, எத்தனை பேர் ஏறுவாங்க?” வண்டி 80, ஓட்டறவர் 60, சவாரி ரெண்டு பேர் 140, ஆக 280 கிலோன்னு சொன்னதும் சாக்பீஸால தரையில எழுதிக் கூட்டினாங்க. “இதுக்கு நடு ஷாஃப்ட்ல புது மூணு ஸ்பீடு ஹப் போடணும், பின் அச்சுல 203 மில்லி டிஸ்க் போடணும் சார்.” (நடு ஷாஃப்ட்ங்கறது பெடலுக்கும் பின் அச்சுக்கும் நடுவுல இருக்கற தண்டு; பெடல்லேர்ந்து ஒரு செயின் அதுக்கு வரும், அங்கேர்ந்து அச்சுக்கு இன்னொரு செயின் போகும். ஹப், கியர் உள்ள அடங்கின உருளை. டிஸ்க், பிரேக் கவ்வற வட்டத் தகடு.) சைக்கிள் கடையில எடை கேக்கற ஆளை எங்க பார்க்கறது? 10,000 அட்வான்ஸ் அங்கயே கைமாறிச்சு. மீதி 6,500 டெலிவரியில. பில் கேட்டா, “முடிச்சதும் மொத்தமா போட்டுத் தரேன்.” இன்னி வரைக்கும் வரல.

டெலிவரி அன்னிக்குக் காலி வண்டியைச் சமமான தெருவில ஓட்டிக் காட்டினாங்க. சத்தமே இல்லாமப் போச்சு. கடலூர் வந்து கெடிலம் பாலத்து ஏத்தத்துல ரெண்டு பேரோட மிதிச்சா, முதல் கியர் டக்குனு நழுவி பெடல் சும்மா சுத்துது. இறக்கத்துல பின் பிரேக்கைப் பிடிச்சா செயின் கழண்டு விழுது, செயினோட பிரேக்கும் போகுது. முன் சக்கரத்துப் பழைய கம்பி பிரேக்கைக் கழட்டாம வெச்சிருந்ததால யாருக்கும் அடி படல.

பிரிச்சதுல தெரிஞ்சது இது. புது ஹப்புன்னது பழைய ஹப். மேல வெள்ளி பெயின்ட், உள்ள ஸ்பிரிங் எல்லாம் துரு. அது கூடப் பரவாயில்ல. ஏத்தத்துல லேசா இருக்கணும்னு கிராங்க்ல, அதாவது பெடலோட சுத்தற பல்சக்கரத்துல, இருந்த 44 பல்லை எடுத்துட்டு 32 பல் போட்டிருக்காங்க. ஹப் பக்கம் 22 பல். 44க்கு 22 இருந்தா ரெண்டுக்கு ஒண்ணு. 32க்கு 22ன்னா கிட்டத்தட்ட ஒண்ணரைக்கு ஒண்ணு. அதே மிதிக்கு ஹப்பைத் திருகற விசை மூணுல ஒரு பங்குக்கு மேல கூடிடுது. மூணு ஸ்பீடு ஹப் ஒரு ஆள் சைக்கிளுக்குச் செஞ்ச சாமான், அதைத் தாங்காது. வேகத்தைக் குறைக்கறதா இருந்தா கிராங்க்ல 44ஐ அப்படியே விட்டுட்டு, ஹப்புக்குப் பின்னாடிதான் குறைக்கணும்: ஹப்லேர்ந்து 18 பல், அச்சுல 24 பல். அப்போ முதல் கியர்ல பெடல் ஒரு முழுச் சுத்துக்கு ரெண்டரை மீட்டர் போகும். பாலத்துக்கு அது போதும், ஹப்பும் பிழைக்கும்.

பிரேக்தான் வயித்தைக் கலக்குது. டிஸ்க்கை அச்சுல மாட்டாம நடு ஷாஃப்ட்ல மாட்டிட்டாங்க, வெல்டிங் வேலை மிச்சம் பாருங்க. மிதிக்கும்போது அச்சுக்குப் போற செயினோட மேல் பக்கம் விறைக்கும், கீழ்ப் பக்கம் தொய்யும், அந்தத் தொய்வை ஸ்பிரிங் டென்ஷனர் பிடிச்சுக்கும். நடு ஷாஃப்டைப் பிரேக் பிடிச்சா தலைகீழ்: ஓடற சக்கரம் கீழ்ப் பக்கத்தை இழுக்கும், டென்ஷனர் மடங்கும், செயின் தாவும். காலி வண்டியில இது தெரியாது. 280 கிலோவுல தெரியும். டிஸ்க்கும் 203 இல்ல, 160. ஆறு போல்ட்டுல நாலுதான் இருக்கு. பிரேக் கேபிளுக்கு கியர் அவுட்டரை, அதாவது கியர் கேபிளோட மேலுறையை, போட்டிருக்காங்க. அதுக்குள்ள கம்பிகள் நீளவாக்குல ஓடறதால பிரேக் அழுத்தத்துக்கு வெடிச்சுப் பிரியும். ஒரு முனை ஏற்கெனவே பிரிய ஆரம்பிச்சிருந்தது.

கேட்டதுக்கு வந்த பதில்கள்: முதல் நாள், “ஓட்டிப் பழகணும் சார், செட்டாயிடும்.” மூணாம் நாள், “நீங்க ஓவர்லோடு ஏத்தியிருக்கீங்க.” 280ன்னு தரையில எழுதினது யாராம்? அப்புறம், “சென்னையிலேர்ந்து பார்ட் வரணும்.” அப்புறம் வாட்ஸ்அப்ல நீல டிக் மட்டும். நேர்ல போனா, “ஓனர் வெளியூர்.” பணத்தைத் திருப்பித் தரச் சொன்னா, “லேபர் ரிட்டர்ன் இல்ல.” 16,500ல லேபர் எவ்வளவு, சாமான் எவ்வளவுன்னு பிரிச்சே சொல்லலையே!

விவரமா ஒரு செக்லிஸ்ட் எழுதலாம்னு உட்கார்ந்தேன், கோபத்துல இவ்வளவுதான் வருது. ரெண்டு பேரை உட்கார வெச்சு, ஏத்தத்துலயும் இறக்கத்துலயும் ஓட்டிப் பார்க்காம மீதிப் பணத்தைக் கொடுக்காதீங்க. பின் பிரேக் அச்சுலயோ சக்கரத்துலயோ இருக்கணும். செயினைக் கழட்டிப் போட்டுட்டு வண்டியைத் தள்ளி, பிரேக் பிடிக்குதான்னு பாருங்க. பல வண்டிகள்ல ஒரு சக்கரம்தான் அச்சோட இறுகியிருக்கும், அதுல அச்சு டிஸ்க் போட்டா வண்டி ஒரு பக்கம் இழுக்கும், அதையும் கேளுங்க. பல் எண்ணிக்கை, டிஸ்க் அளவு எல்லாம் பில்லுல வரணும். பில் இருந்தா 1915க்கு போன் பண்ணி நுகர்வோர் புகாராவது கொடுக்கலாம், என்கிட்ட சாக்பீஸ் கணக்குதான் இருக்கு.

கழட்டின 44 பல் கிராங்கையாவது கொடுங்கன்னு கேட்டேன். இரும்புக்கடைக்குப் போட்டுட்டாங்களாம்.