பேனை டொப்ளர்: வயர் மாற்றி வந்த பிறகு

"அக்கா, இரத்தம் ஓடுகிற சத்தத்தைக் கேட்கவைக்கும் அந்தப் பேனை டொப்ளரை வாங்கலாமோ?" என்று முல்லைத்தீவில் வேலை செய்யும் தங்கச்சி ஒருத்தி கேட்டிருந்தாள். என்னுடையது இப்பதான் புறோப்பின், அதாவது தோலில் வைக்கும் பேனையின், வயர் மாற்றிக் கொழும்பிலிருந்து வந்து சேர்ந்தது. அதனால் பதிலில் கொஞ்சம் காரம் இருக்கும்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏ9 வீதியில் மோட்டார் சைக்கிளோடு விழுந்து, கால் எலும்பு வெளியே தெரிய வரும் பெடியங்களுக்குத் தொடையிலிருந்து தோலும் சதையும் எடுத்து வைத்து, இரத்தக் குழாய்களையும் இணைத்துத் தைப்பார்கள். அந்தத் துண்டுக்கு இரத்தம் போகிறதா என்று இந்த 8 மெகாஹேட்ஸ் பேனையை வைத்துத்தான் கேட்போம். தியேட்டரில் குழாயை இறுக்கியிருந்த கிளிப்பை எடுத்ததும் சேர், அதாவது சத்திரசிகிச்சை டொக்டர், சத்தம் தேடுவார். கேட்கும் இடத்தில் நீல நூலால் ஒரு தையல் போடுவார். வார்ட்டில் முதல் நாள் முழுக்க மணிக்கொருதரம் அந்த நீலத் தையலில் ஜெல் வைத்துக் கேட்பது எங்கள் வேலை. கரண்ட் போனாலும் பற்றரியில் ஓடும். ஒரு பெடியனின் அம்மா அந்த "உஷ்... உஷ்" சத்தத்தைக் காதால் கேட்ட பிறகுதான் சோற்றுப் பார்சலை அவிழ்த்தார்.

இனி வயர். புறோப்பின் கழுத்தடியில்தான் முறியும். ஆளாளுக்கு மெஷினைச் சுற்றி இறுக்கிக் கட்டி வைத்தால் வேறென்ன நடக்கும்? முறிந்தாலும் முழுசாகச் சாகாது, விட்டுவிட்டுக் கரகரக்கும். நடுச்சாமத்தில் சத்தம் நின்றால் போனது வயரா, நாடியா? முதலில் என் மணிக்கட்டில் வைத்துப் பார்ப்பேன். அங்கே கேட்டால்தான் சேருக்கு போன். இந்த விலைக்கு வாங்கின சாமானை நம்ப என் கையே சாட்சி சொல்லவேண்டியிருக்கிறது!

வயர் நல்லாயிருந்தாலும் இன்னொரு வில்லங்கம். பெரும்பாலும் முதலில் அடைபடுவது, இரத்தத்தைத் திருப்பிக் கொண்டுபோகும் நாளம். நாளம் அடைபட்டும், இரத்தம் கொண்டுவரும் நாடி கொஞ்ச நேரம் அடித்துக்கொண்டே இருக்கும். பேனையும் "உஷ்" என்றுகொண்டே இருக்கும். துண்டு ஊதாவாகி வீங்கும், அமத்தி விட்டால் நிறம் சட்டென்று திரும்பும், ஊசியால் குத்தினால் கறுத்த இரத்தம் வரும். இதையெல்லாம் கண்தான் பார்க்கவேண்டும். பக்கத்தில் ஓடும் வேறொரு நாடியின் சத்தத்தையும் இது கூசாமல் எடுத்துத் தரும். நிமிடத்துக்கு எத்தனை மில்லிலீற்றர் என்றும் சொல்லாது. அதற்குத் தியேட்டரில் இரத்தக் குழாயைக் கவ்விப் பிடித்து அளக்கிற வேறு மெஷின் இருக்கிறது, விலையைக் கேட்காதே.

ஆகவே தங்கச்சி, வாங்காதே. நல்ல டோர்ச் ஒன்று வாங்கு. அப்புறம், நைட் டியூட்டிக்கு என்னுடையதை இரவல் கேட்டு வராதே, தரமாட்டேன்.