டோகாய் டிரை ஒயின் என்று காட்டிவிட்டு வேறு எதையோ அனுப்புகிறார்கள் - 1,14,000 ஃபோரின்ட் போச்சு

வயிற்றெரிச்சலோடு எழுதுகிறேன், கோர்வையாக வராது. புடாபெஸ்டில் சுற்றுலாப் பயணிகள் மொய்க்கும் தெருவில் ஒரு நிலவறை ஒயின் கடை. அங்கே 12 பாட்டிலுக்கு 1,14,000 ஃபோரின்ட் பறிகொடுத்தேன். நம் காசில் முப்பதாயிரத்தை ஒட்டி வரும். புகார் கொடுக்கப் போவதால் இப்போதைக்குக் கடைப் பெயர் வேண்டாம்.

டோகாய் என்பது ஹங்கேரியில் ஒயினுக்குப் பேர்போன பகுதி. அந்தப் பெயரைச் சொன்னதும் எல்லோருக்கும் அசூ என்ற இனிப்பு ஒயின்தான் நினைவுக்கு வரும். போத்ரோக், திஸா ஆறுகளின் மூடுபனியில் பூஞ்சை படிந்து வற்றிய திராட்சையில் செய்வது. நான் தேடியது அதை அல்ல. அதே ஊர்களில் அதே ஃபுர்மின்ட் திராட்சையை, பூஞ்சை படாத குலைகளாகப் பறித்து, இனிப்பே இல்லாமல், அதாவது டிரையாக, செய்கிறார்கள். எரிமலை மண், கூரான புளிப்பு, நாலைந்து வருடம் வைத்துக் குடித்தால் இன்னும் நன்றாக இருக்கும். பெட்டியாக வாங்கியதே அதற்குத்தான்.

கடையில் இருந்தவர் பேசிய பேச்சைக் கேட்டிருந்தால் நீங்களும் நம்பியிருப்பீர்கள். டோகாய் பகுதியின் மாட் கிராமத்துத் தோட்டங்களை ஒரு காகிதத்தில் வரைந்தே காட்டினார். ஒயின் தயாரிப்பாளர் ஸெப்ஷி இஷ்த்வான் 2000ஆம் ஆண்டு அறுவடையில் ஊராத்யா தோட்டத்து ஃபுர்மின்டை டிரையாகச் செய்த பிறகுதான் உலகம் இந்தப் பக்கம் திரும்பியது என்றார். அதெல்லாம் உண்மைதான், அதுதான் கடுப்பே. அப்புறம் ஒரு பாட்டிலைத் திறந்து ஊற்றினார். பச்சை ஆப்பிள், பேரிக்காய், கடைசியில் நாக்கின் ஓரத்தில் லேசான உப்பு. லேபிளில் தோட்டத்தின் பெயர், கீழே 'ஸாரஸ்', அதாவது டிரை. "இதே சரக்கு கிடங்கில் இருக்கிறது, வீட்டுக்கே அனுப்புகிறேன். வங்கியில் போட்டுவிட்டால் விலை குறைத்துத் தருகிறேன்" என்றார். அங்கேயே நின்று போனில் 1,14,000 ஃபோரின்டையும் அனுப்பினேன்.

பெட்டி வந்தது. தோட்டத்தின் பெயர் எங்கேயும் இல்லை, வெறும் 'டோகாயி ஃபுர்மின்ட்'. பின் லேபிளில் பொடி எழுத்தில் 'ஃபேலேதெஷ்', பாதி இனிப்பு. டிரை என்றால் சர்க்கரை லிட்டருக்கு 9 கிராமைத் தாண்டக் கூடாது. இந்த வகையில் 45 வரை போகலாம். ஒன்றைத் திறந்தேன், சர்பத்! ஒரு பாட்டிலில் கார்க் மேலே துருத்திக்கொண்டு, மூடிக்கடியில் கசிந்து பிசுபிசுவென்று ஒட்டியது. எந்த வெயிலில் கிடந்ததோ.

போன் செய்தேன். "டோகாய் என்றாலே இனிப்புதானே சார்?" என்கிறார், எனக்கு டிரை ஒயின் பாடம் நடத்திய அதே மனிதர்! அடுத்த முறை, "திறந்த பாட்டிலைத் திரும்ப எடுக்க மாட்டோம்." சரி, திறக்காத 11 இருக்கிறதே என்றால், கிடங்கில் பேசுங்கள் என்றார். கிடங்கில் கேட்டால் கடையில்தான் கேட்க வேண்டுமாம். முதலாளி எங்கே? பாலட்டான் ஏரிக்குப் போயிருக்கிறார். பில்லைத் தேடி எடுத்துப் பார்த்தேன்: 'டோகாய் வெள்ளை ஒயின், 12'. தோட்டமும் இல்லை, ஆண்டும் இல்லை, டிரை என்ற சொல்லும் இல்லை. எல்லாம் தெரிந்தே எழுதியிருக்கிறார்கள். 1,14,000 ஃபோரின்டுக்கு ஒரு வரி பில்!

ஒயின் செய்தவர்மேல் எனக்குக் குறை இல்லை. லேபிளில் அவர் உள்ளதைத்தான் போட்டிருக்கிறார்.

எப்படி வாங்க வேண்டும் என்று விவரமாக எழுத நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. ருசி பார்த்த பாட்டிலின் முன், பின் லேபிள் இரண்டையும் படம் எடுங்கள். தோட்டம், ஆண்டு, ஸாரஸ் மூன்றையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள். ஸமொரோத்னி என்ற இன்னொரு டோகாய் ஒயின் வாங்கினால் அதிலும் இனிப்பு, டிரை இரண்டும் உண்டு, பார்த்து வாங்குங்கள். கையில் தூக்கிக்கொண்டு போக முடியாத சரக்குக்கு முன்பணம் கேட்டால் படியேறி வெளியே வந்துவிடுங்கள். நுகர்வோர் சமரச மன்றத்துக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். இதே தெருவில் வேறு யாருக்காவது இப்படி நடந்திருந்தால் பில்லோடு சொல்லுங்கள், சேர்த்தே கொடுக்கிறேன்.