பழகி வளரும் திறனா, புள்ளி போட்டு வளர்க்கும் திறனா?

யாங்கோனில் நாங்கள் நால்வர் சேர்ந்து உருவாக்கிவரும் சிறிய ரோல்-பிளேயிங் கேமில் (ஆடுபவர் ஒரு பாத்திரமாகி, அதன் திறன்களை வளர்த்து ஆடும் கணினி விளையாட்டில்), செய்யச் செய்யத் திறன் ஏறவேண்டும் என்கிறார்கள் இருவர்; லெவல் ஏறும்போது கிடைக்கும் புள்ளிகளை ஆடுபவரே விரும்பிய திறனில் போடட்டும் என்கிறார்கள் மற்ற இருவர்.

சித்திரமும் கைப்பழக்கம் என்று கேட்டு வளர்ந்த நமக்கு முதல் முறையின் நியாயத்தை விளக்கவேண்டியதில்லை. ஆனால், 2011இல் வந்த ஸ்கைரிம் என்ற கேமில் இரும்புக் குத்துவாள்களை அடுக்கடுக்காகச் செய்தே பலர் கொல்லர் திறனை ஏற்றிக்கொண்டனர். அந்த முறை, செய்த பொருள்களின் எண்ணிக்கையைப் பார்த்ததே தவிர அருமையைப் பார்க்கவில்லை. 2006இல் வந்த ஆப்லிவியன் கேமில் சிக்கல் இன்னும் ஆழமானது. குதித்துக் குதித்தே லெவல் ஏறியவர், தன்னோடு சேர்ந்து எதிரிகளும் வலுத்திருப்பதையும், தன் வாள்வீச்சு மட்டும் பழையபடியே இருப்பதையும் சண்டையில்தான் உணர்ந்தார்.

புள்ளி முறையில் இந்தத் தொல்லை இல்லை. எதிரியை வீழ்த்திய அனுபவத்தால் பூட்டுத் திறக்கும் திறன் வளர்வது மட்டும் எனக்கு உறுத்துகிறது. தவறாகப் போட்ட புள்ளியைத் திரும்பப் பெறவும் வழி வேண்டும். 2000இல் வெளிவந்த டயாப்லோ 2 கேமில் அந்த வசதி 2010இல்தான் சேர்ந்தது.

எங்கள் ஊர் மின்வெட்டுதான் என்னை முடிவுக்குக் கொண்டுவந்தது. இரண்டு முறைகளிலும் செய்த எங்கள் படகு கேமின் மாதிரிகளை அக்கா மகனிடம் கொடுத்தேன். லேப்டாப் பேட்டரி தீரும்வரை, ஏறக்குறைய நாற்பது நிமிடம் ஆடினான். பழகும் முறையில் அவனுடைய துடுப்புத் திறன் இரண்டு படி ஏறியிருந்தது. புள்ளி முறையில் பாதி லெவலோடு திரை அணைந்தது. கிடைக்கும் சிறு பொழுதில் ஆடுபவருக்குக் கையில் ஏதாவது மிஞ்சவேண்டும்.

ஆகவே திறன்கள் பழகி வளரட்டும். ஒரே ஆற்றுவழியை மீண்டும் கடந்தால் பயன் குறையட்டும். பெர்க்குகளை, அதாவது பாத்திரத்துக்குக் கிடைக்கும் சிறப்பு ஆற்றல்களை, மட்டும் ஆடுபவர் தேர்ந்தெடுக்கட்டும், அதுவும் அரிதாக. ஃபால்அவுட் 3 கேமில் ஒவ்வொரு லெவலுக்கும் கிடைத்த பெர்க், அதே வரிசையில் அடுத்து வந்த நியூ வேகாஸில் இரண்டு லெவலுக்கு ஒன்றானபோது ஒவ்வொரு தேர்வும் கனத்தது. ஸ்கைரிமில் ஒற்றைக்கை ஆயுதத் தாக்குதலை 20 சதவீதம் கூட்டும் பெர்க்கைவிட, கேடயம் ஏந்தி நிற்கையில் எதிரி ஓங்கும் பலத்த அடியை மெதுவாக்கிக் காட்டும் பெர்க்கே மேல், ஏனென்றால் அது ஆடும் விதத்தையே மாற்றுகிறது. எங்கள் பட்டியலிலிருந்து ‘படகு வேகம் 5 சதவீதம் கூடும்’ என்பதை நீக்கிவிட்டு, ‘விளக்கில்லாமல் இரவில் படகு செலுத்தலாம்’ என்று எழுதியிருக்கிறேன்.